திருச்சியிலிருந்து ஏலாக்குறிச்சி, அங்கிருந்து கோபரித்

இந்த 1946 நவம்பர் முதல் தேதி, கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், ஏலாக்குறிச்சிக்குப் போய்வந்தேன். புண்ணியம் தேடிப் போகவில்லை. நான் வேதக்காரனும் இல்லை. உறையூரில் பிறந்தவன், சண்டையில் நாலு வருஷம் மிலிட்டரி லாரி ஓட்டியவன். என் சட்டைப்பையில் ஒரு மண் பொட்டலம் இருந்தது. என்னோடு லாரி ஓட்டிய அந்தோணிசாமிக்கு அவன் மனைவி கட்டிக்கொடுத்தது. அதை அந்த அம்மாளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் போக வேண்டிய ஓட்டத்துக்குப் போய்த்தான் உங்கள் புருஷன் செத்தான் என்று என் வாயால் சொல்ல வேண்டும். ஊர் திரும்பிய எட்டு மாதமாக இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பொட்டலத்தைப் பார்க்கப் பார்க்கச் சோறு இறங்கவில்லை, கிளம்பிவிட்டேன்.

திருச்சியில் காலை ஆறு நாற்பதுக்குப் பாசஞ்சர். அரியலூருக்கு மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் ஓரணா. நாற்பத்து மூன்று மைல்தான், ஆனாலும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போனேன். சண்டை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் ரயிலில் கூட்டம் முடியவில்லை. ஏறுகிறவர்கள் பாதிப் பேர் தலையில் அரிசி மூட்டை. ரேஷன் ஆபீசர் வருகிறார் என்று யாரோ சொன்னதும் மூட்டைகளெல்லாம் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டன. அரியலூர் சேரும்போது மணி ஒன்பது ஐந்து.

அரியலூரில் பார்க்க வேண்டியதை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். கோதண்டராமர் கோயில் தூண்களில் இருக்கும் அவதாரச் சிற்பங்களைத் தவறவிடாதீர்கள். ஊருக்கு வெளியே மண் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கிளிஞ்சல் மாதிரியே கற்கள் காட்டில் கிடக்கின்றன. ஒரு காலத்தில் கடல் இங்கேதான் இருந்தது என்கிறார்கள். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நாங்கள் கடைசியாக லாரி ஓட்டிய இத்தாலிப் பக்கத்துக் கோபரித் ஊரின் மலைச்சாலையிலும் இதே வெள்ளைக் கல்தான். வண்டியைக் கழுவும்போதெல்லாம் அந்தோணிசாமி, "எங்கூரு மண்ணுதான்டா இது, கப்பலேறி வந்துருச்சு" என்று சொல்வான்.

திருமானூருக்கு பஸ் பத்தரைக்கு. பதினைந்து மைல், ஒன்பதணா. பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பின்னால் கரியடுப்புக் கட்டிய பஸ். இன்னும் அதையே வைத்து ஓட்டுகிறார்கள். மேடு வந்தால் ஆட்களை இறக்கிவிட்டு ஏறுகிறது. மூன்றாவது மேட்டில் நின்றேவிட்டது. நான் இறங்கிப்போய் அடுப்பைக் கிளறிக் கொடுத்தேன்.

"நீங்க பஸ் லைன்ல இருந்தவருங்களா?" என்றார் டிரைவர்.

"மிலிட்டரில லாரி ஓட்டினேன்."

"எங்கங்க?"

"இத்தாலிப் பக்கம்."

"அங்கெல்லாம் ரோடு நல்லாருக்குமே?"

நல்ல ரோடுதான் என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

திருமானூரிலிருந்து நான்கு மைல் மாட்டு வண்டி. எட்டணா கேட்டார், ஆறணாவுக்கு இறங்கினார். முதல் நாள் மழையில் பாதை களியாகக் குழைந்திருந்தது. வண்டிக்காரர் கோவிந்தன் திருநீறு பூசியவர், ஆனாலும் மாதா கோயில் வரலாற்றை அவர்தான் சொன்னார்.

"இருநூறு வருசத்துக்கு முன்னாடி இத்தாலிலேருந்து ஒரு சாமியார் வந்தாருங்க. நம்ம பாஷையக் கத்துக்கிட்டு நம்மளவிட நல்லா எழுதுனாராம். அரியலூர் ஜமீனுக்கு முதுகுல ராஜபிளவை. எந்த வைத்தியனாலயும் ஆவல. இந்தச் சாமியாரு இங்கேருந்து மண்ண எடுத்துக் கொழைச்சுப் பூசுனாரு. மறுநா பாத்தா வடு மட்டுந்தான். நெலத்த எழுதிக் குடுத்துட்டாருங்க ஜமீன். அதுலேருந்து யாரு வெளியூரு போனாலும் ஒரு முடிச்சு மண்ணு கட்டிக்கிட்டுத்தான் போவாங்க."

"அதை இன்னொருத்தருக்குக் கொடுக்கலாமா?" என்றேன்.

"ஒருத்தருக்குன்னு முடிஞ்சது அவருகிட்டதாங்க இருக்கணும்" என்றார் கோவிந்தன். அதோடு என் கேள்வி தீர்ந்தது.

கோயில் பெரியது, சுவர்கள் தடிமன், உள்ளே குளுமை. அடைக்கல மாதா சொரூபத்துக்கு முன்னால் நானும் கும்பிட்டேன். அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு வழி காட்டினார்கள். திருநாளுக்கு முந்தின நாளில் ஊரே அங்கேதான் இருக்கும்: புல் செதுக்குவார்கள், மண் மேட்டைத் திருத்துவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள். மறுநாள் மாலை ஒவ்வொரு கல்லறையிலும் பூவும் மெழுகுவர்த்தியும். யாத்திரை போகிறவர்கள் இந்த இரண்டு நாளில் போனால் ஊரை முழுசாகப் பார்க்கலாம்.

அந்தோணிசாமியின் மனைவி ஆரோக்கியமேரி பெண்கள் பள்ளியில் டீச்சர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தன் மாமியாரின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். பேரைச் சொன்னேன். "லட்டர்ல எழுதியிருக்காரு. உறையூர் அண்ணன்தானே?" என்று மட்டையை வாளியில் போட்டுவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பக்கத்தில் ஆறடிக்கு வெற்றிடம். நான் அதில் நிற்கப் போனேன்.

"அதுல வேணாண்ணே. அவருக்குன்னு விட்ட எடம்."

தள்ளி நின்றேன்.

"சர்க்கார் தந்தில 'விபத்தில் மரணம்', ஒரு ஊரு பேரு. அவ்வளவுதான். எங்க பள்ளிக்கூட அட்லஸ்ல அந்த ஊரு இல்ல. எப்படி ஊரு, என்ன ஆறு, என்ன மலை, எல்லாத்தையும் சொல்லுங்க. அவரு கெடக்குற எடம் எனக்குத் தெரியணும்."

சொன்னேன். சொல்ல வந்ததை விட்டுவிட்டு இதைத்தான் வெகுநேரம் சொன்னேன் என்பது எனக்கே தெரியும்.

கோபரித் சின்ன ஊர். நடுவில் கோயில், சுற்றிச் சந்தைவெளி. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கப் பத்து நிமிஷம். நாலு பக்கமும் மலை. சோச்சா என்று ஓர் ஆறு. தண்ணீர் பச்சை, கூழாங்கல்லை எண்ணலாம். அதன் மேல் ஒரு கல்பாலம், ஒரு லாரிதான் போகும். ஜனங்கள் ஸ்லோவேனியர்கள். ஆஸ்திரியாக்காரன் ஆண்டான், 1914-ல் தொடங்கிய முன் சண்டை முடிந்ததும் இத்தாலிக்காரன் வந்தான். ஊர்ப் பேரையே மாற்றி கப்பொரெத்தோ என்றான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொந்தப் பாஷை பேசக்கூடாது என்று சட்டம் போட்டான். அப்புறம் ஜெர்மன்காரன். கடைசியாக, இந்தச் சண்டை முடிந்து வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு நாங்கள். எங்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அதில் தப்பும் இல்லை.

ஊருக்கு மேலே குன்றில் அந்தோணியார் கோயில் இருக்கிறது. அதைச் சுற்றி மூன்றடுக்காகக் கல்கட்டடம். உள்ளே முன் சண்டையில் செத்த இத்தாலியச் சிப்பாய்களின் எலும்பு, ஏழாயிரம் பேருக்கு மேல். தன் பேர்கொண்ட சாமியாயிற்றே என்று அந்தோணிசாமி ஆசையாக ஏறிப்போனான். இறங்கி வந்ததும் நேரே வண்டியைக் கழுவப் போய்விட்டான்.

"என்ன சாப்பிட்டாரு?" என்றார் டீச்சர்.

"மக்காச்சோளக் களி டீச்சர். அந்த ஊர்க்காரங்க அதத்தான் கிண்டுறாங்க. அவன் கொழம்பு இல்லாமலே மூணு உருண்டை தின்னான்."

சிரிக்கப் போனவர் அடக்கிக்கொண்டார். "நாளைக்கு அவருக்கு யாராச்சும் மெழுகுவர்த்தி வைப்பாங்களா?"

போன வருஷம் இதே திருநாளில் நானும் அவனும் அந்த ஊர்க் கல்லறைக்குப் போனோம். அங்கேயும் இப்படித்தான், கல்லறை முழுக்கப் பூவும் வெளிச்சமும். தங்களுக்கென்று யாருமில்லாத அன்னியச் சிப்பாய்களின் மேட்டிலும் ஊர்க்காரிகள் ஒவ்வொரு மெழுகுவர்த்தி வைத்துப்போனார்கள். அந்தோணிசாமி நாலு வாங்கி நாலு மேட்டில் வைத்தான். பன்னிரண்டே நாளில் அதே வரிசையில் அவனைப் புதைத்தோம். இதைச் சொல்லி, "வைப்பாங்கன்னுதான் நெனைக்கிறேன். சத்தியம் பண்ண முடியாது" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு கேட்டார், "நான் குடுத்த மண்ணு அவரு பையில இருந்துச்சா?"

பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். காக்கித் துணி, மஞ்சள் நூல் கட்டு. முடிச்சைப் பார்த்ததுமே தன்னுடையது என்று தெரிந்துகொண்டார். ஆனால் கையை நீட்டவில்லை.

சொல்லிவிட்டேன். எனக்கு நாலு நாளாகக் குளிர்காய்ச்சல். கொய்னா மாத்திரை தின்றும் நிற்கவில்லை. மேலே பொவெட்ஸ் என்ற ஊருக்கு மாவு மூட்டை ஏற்றிப் போக வேண்டியது என் முறை. பதின்மூன்று மைல், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு; அன்று விடிகாலைதான் அந்த வருஷத்தின் முதல் உறைபனி. அந்தோணிசாமி வந்து என் நெற்றியில் இந்த மண்ணைக் குழைத்துப் பூசினான். மிச்சத்தை முடிந்து என் சட்டைப்பையில் போட்டான். "நீ படுறா, நான் ஒரு நடை போயிட்டு வந்துடுறேன்" என்றான். ஏழாவது மைல் வளைவில் லாரி சறுக்கி ஆற்றில் விழுந்தது. மத்தியானம் எனக்கு வேர்த்து எழுந்து உட்காரும்போது சேதி வந்தது.

டீச்சர் குனிந்து மட்டையை எடுத்தார். விட்டுப்போன ஒரு மூலைக்குச் சுண்ணாம்பு அடித்தார். திரும்பாமலே கேட்டார், "உங்களுக்குக் காய்ச்சல் நின்னுச்சா?"

"நின்னுருச்சு டீச்சர்."

"அப்ப மண்ணுல குத்தமில்ல."

வைதிருக்கலாம். மண்ணை வாரி என் மூஞ்சியில் தூற்றியிருக்கலாம். அதற்குத்தான் மனசைத் தயார்செய்துகொண்டு போயிருந்தேன், இதற்கு இல்லை. அழுதுவிட்டேன்.

"ஒருத்தருக்கும் குடுக்காதீங்கன்னு சொல்லித்தான் முடிஞ்சு குடுத்தேன். கேக்கல பாருங்க" என்றார். "உங்க மேல கோவமில்லன்னு சொல்ல மாட்டேண்ணே. இருக்கு. நீங்க நடந்து வந்தீங்கள்ல, அதப் பாத்தாலே வருது. ஆனா நீங்க வராம இருந்திருந்தா இன்னும் வந்திருக்கும்."

"இத வாங்கிக்குங்க டீச்சர்."

"அவருக்குன்னு முடிஞ்சது. நான் திருப்பி வாங்கக் கூடாது. அவரு குழியில எல்லாரும் பிடி மண்ணு போட்டிருப்பீங்க. இந்தூரு மண்ணு ஒரு பிடி விழல. அந்தப் பக்கம் போறவங்க யாருகிட்டயாச்சும் குடுத்தனுப்புங்க. நெஞ்சு மேல போடச் சொல்லுங்க. சட்டைப்பையிலதான வச்சிருந்தாரு."

மூன்றே முக்காலுக்கு அதே வண்டியில் திரும்பினேன். திருமானூரில் கடைசி பஸ் ஐந்துக்கு. மறுநாள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஆறடி வெற்றிடத்தை இருட்டில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஏலாக்குறிச்சி போகிறவர்கள் மழைக்காலத்தில் திருமானூரிலேயே வண்டியைப் பேசி, திரும்பி வரவும் அதே வண்டிக்குச் சொல்லிவைத்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். போக வர எல்லாம் சேர்த்து நாலு ரூபாய்க்குள் முடியும்.

ஆனால் இவ்வளவும் எழுதியது இன்னொரு யாத்திரைக்காகத்தான். எனக்கு அவ்வளவு தூரம் மறுபடி போக வசதி இல்லை, சர்க்கார் அனுப்பவும் மாட்டார்கள். கப்பலில் வேலை செய்கிறவர்கள், படிக்கப் போகிறவர்கள், சாமியார்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் இந்தப் பத்திரிகை ஆபீசுக்கு ஒரு கார்டு போடுங்கள்; பொட்டலத்தை நானே கொண்டுவந்து தருகிறேன். கால் பலங்கூடக் கனமில்லை. வழி இதுதான்: திரியெஸ்த்தே துறைமுகத்தில் இறங்கி, கொரித்சியா இருபத்தெட்டு மைல். அங்கிருந்து ஆற்றோரமாகவே மேலே முப்பத்தைந்து மைல் போனால் கோபரித். உறைபனிக் காலத்தில் போகாதீர்கள். ஊர்க் கல்லறையில் நுழைந்ததும் இடது கைப் பக்கம் மதிலோரம் கடைசி வரிசை, வாசலிலிருந்து ஆறாவது மேடு. மரச்சிலுவையில் தமிழில் பேர் எழுதியிருக்கும், நான் வெள்ளைப் பெயிண்டால் எழுதியது. பெயிண்ட் உரிந்திருந்தால் ஆறு என்று எண்ணிக்கொள்ளுங்கள். சிலுவை இருப்பது தலைமாட்டில். அங்கே போட வேண்டாம். இரண்டடி தள்ளி, நெஞ்சு மேல் போடுங்கள்.