இடது கல் பெருசு

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வேலை இல்லாமல் இல்லை. இருந்தும் ஒரு வருடத்தின் பெரும்பகுதியை இரண்டு நீலக் கற்களை உற்றுப் பார்ப்பதிலேயே கழித்தார்கள். அறுபதுகளில் திருப்பூரில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். பத்தொன்பது வயது. கொமரலிங்கத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். ஆற்றுப் பாசனம், நெல், கரும்பு என்று நல்ல வசதி. முதல் மனைவி இறந்துபோயிருந்தார். மாப்பிள்ளைக்கு வயது அப்பாவைவிடக் கூடுதல். பெண் பார்க்க வந்த அன்று தலைக்குப் பூசிய சாயம் காதோரம் வழிந்திருந்தது. எங்கள் ஊர்ச் சாயப்பட்டறையில் அப்படித் தோய்த்துக் கொடுத்தால் துணியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் எல்லோருக்கும் சம்மதம். அத்தையை யாரும் கேட்கவில்லை. பெண்ணைக் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா, தன் தாய்வீட்டுச் சொத்து என்று இரண்டு நீலக் கற்களைக் கொடுத்தனுப்பினார். மொச்சைக்கொட்டை பெரிசு. அவற்றைத் தோட்டில் பதித்துப் போட்டுக்கொண்டுதான் பெண் நிச்சயத்துக்கு உட்கார வேண்டும் என்பது அவர் கட்டளை. ஆனால் ஒரு கல்லின் ஓரம் உடைந்திருந்தது. உடைந்த கல்லைப் பெண்ணுக்குப் போடுவதா? அப்பா அவற்றை எடுத்துக்கொண்டு காங்கேயத்தில் பட்டை தீட்டுகிற ஒருவரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

அவர் அரக்கை இளக்கி, கல்லை ஒரு குச்சியின் நுனியில் ஒட்டி, சுழலும் சாணையில் அழுத்தினார். உடைந்த ஓரத்தை மட்டும் தேய்த்தால் போதாதாம். ஒரு பட்டையைத் தொட்டால் சுற்றியிருக்கும் பட்டைகளையும் அதே சாய்வில் திரும்பத் தீட்ட வேண்டுமாம், இல்லையென்றால் கல் ஒளி விடாதாம். உடைசல் போனது, கல்லும் சிறுத்தது. இப்போது மற்ற கல் நிஜமாகவே பெருசு. அதையும் இதன் அளவுக்குத் தேய்த்து வாங்கி வந்தோம். இதுவரைக்கும் யாரையும் குறை சொல்ல முடியாது.

வீட்டில் அத்தை இரண்டையும் காதோரம் வைத்துக் கண்ணாடி பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, இடது கல்லு துளி பெருசா இருக்குதுங்களே?"

அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இரண்டு கை, இரண்டு தோள் எல்லாவற்றையும் கண்ணளவிலேயே இம்மி பிசகாமல் வெட்டுகிறவர் என்று பெயர். அவர் கற்களை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க கண்ணுக்குத் தப்புமுங்களா?" என்றாள் அத்தை, மிகப் பணிவாக.

தங்கைக்குத் தெரிந்தது கட்டிங் மாஸ்டருக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? "ஆமா, நானும் அப்பவே பார்த்தேன்" என்றார் அப்பா. அப்பா பார்த்தபின் அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது.

எனக்கு மட்டும் தெரியவில்லை. "ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருக்குது" என்றேன். அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "புள்ளைக்குக் கண்ணு மங்கிப் போச்சாட்ட இருக்குதுங்க அண்ணி" என்று அம்மாவிடம் கவலைப்பட்டாள்.

அன்று பிடித்தது எனக்குச் சனி. தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை. படுக்கும்போது உள்ளங்காலில் விளக்கெண்ணெய். புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒரு அதட்டல், தூரத்தில் பிடித்தால் இன்னொன்று.

மறுபடி காங்கேயம். அந்த மனிதர் கல்லைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "கல்லு பனியன் துணி இல்லீங்களே. இப்படியே தேச்சா என்னங்க மிஞ்சும்?" என்றார்.

"அளவு நான் சொல்றேன், நீங்க தேயுங்க."

தேய்த்தார். வீட்டுக்கு வந்தால், இப்போது வலது பெருசு. அப்புறம் இடது. ஆவணி வந்தது, நிச்சயம் இல்லை. கார்த்திகை வந்தது, அப்போதும் இல்லை. கொமரலிங்கத்திலிருந்து யார் வந்து கேட்டாலும் "கல்லு வேலை நடந்துட்டிருக்குதுங்க" என்பதே அப்பாவின் பதில். நான் ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்வேன், கீரை ஒரு கரண்டி கூடும். அரிச்சந்திரனுக்குக்கூட இப்படி ஒரு சோதனை வந்திருக்காது. கடைசியில் வயிறு தாங்காமல் நானும் "பெருசுதானுங்க" என்று சொல்லப் பழகினேன். அடுத்த நாளே எனக்குப் பார்வை திரும்பிவிட்டதாக அம்மா முருகனுக்குத் தேங்காய் உடைத்தாள்.

தை பிறந்ததும் மாப்பிள்ளையின் அம்மா நேரிலேயே வந்துவிட்டார். அப்பா பட்டுத் துணியைப் பிரித்துக் காட்டினார். அந்த அம்மாள் ஒரு கல்லை விரல் நுனியில் ஒட்டி எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார்.

"எங்கம்மா குடுத்த கல்லுங்களா இது?" என்றார். பிறகு குரல் உயர்ந்தது. "கல்லையே இப்படிக் கரைச்சவங்க நாளைக்கு எங்க தோட்டத்தையும் கரைக்க மாட்டீங்களா? இந்தக் கடுகை நீங்களே தாளிச்சுக்குங்க!"

வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். சம்பந்தம் முறிந்தது. அப்பா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா ஒப்பாரி வைக்காத குறை. இழவு வீடு போல இருந்த அந்த மத்தியானத்தில் அத்தை மட்டும் இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். அவளுக்குக் கொஞ்சம்கூட வெட்கமில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் பின்கட்டில் அத்தை தனியாகக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கடுகு இரண்டையும் காதோரம் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"எப்படிக் கண்ணு இருக்குது?"

நான் தயங்கவே இல்லை. "இடது பெருசுங்க அத்தை."

அத்தை சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். என் கழுத்தெல்லாம் ஈரமானது.

"இனிமே கண்ணுல படறதையே சொல்லு கண்ணு. யாரு கிள்ளுனாலும் சொல்லு" என்றாள்.

கிள்ளியதே அவள்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் கீரை, அவர்கள் சொல்வதையே சொன்னால் சிரிப்பு. இவர்களோடு மனிதர் குடித்தனம் செய்ய முடியாது என்று முடிவு கட்டி, அவள் கையை உதறிவிட்டு நான் விளையாடப் போய்விட்டேன்.