காடாத்துக் கலயம்

எலும்புகளைத் துடைத்து வெயிலில் காயவைப்பது திருவனந்தபுரத்தில் எனக்கு வாய்த்த வேலை. சேர்க்கும்போது கூட்டிப் பெருக்க என்றுதான் சொன்னார்கள். அது ஒரு நர்சிங் பள்ளிக்கூடம். உடற்கூறு பாடம் நடக்கிற அறை என் பங்கில் வந்தது. அதன் மூலையில் நாலு மரப்பெட்டிகள் இருந்தன. மழைக்காலத்தில் பெட்டிக்குள் பூசணம் பூத்துவிடும், படிக்கிற பெண்கள் தொடமாட்டார்கள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "பேடி உண்டோ?" என்று கேட்டார். பயம் இருந்தது. ஆனால் பெரியவர்கள் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. பேசாமல் நின்றேன். பெட்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒவ்வொரு பெட்டியிலும் பாதி ஆள்தான் இருப்பார். மண்டையோடு, முதுகெலும்பு, ஒரு பக்கத்துக் கை, ஒரு பக்கத்துக் கால். படிக்க அது போதும், மற்றப் பக்கமும் அதே மாதிரிதானே என்பார்கள். மற்றப் பக்கம் எங்கே போயிற்று என்று நான் கேட்டதில்லை.

வருஷா வருஷம் ஒரே பாடம். முதலில் செல், செல்கள் சேர்ந்து திசு, பிறகு தோல், அதற்குப் பிறகு எலும்பு. பாதி மலையாளம், பாதி இங்கிலீஷ். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பின்பக்கம் தரையைத் துடைத்தபடி கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. செல் கண்ணுக்குத் தெரியாது என்றார்கள், அதனால் அது மனதில் நிற்கவில்லை. மேல்தோல் தினமும் உதிர்ந்துகொண்டே இருக்கும், அடியிலிருந்து புதுத் தோல் மேலே வரும் என்று சொன்ன அன்று, நான் முறத்தில் வாரிய தூசியைக் கொட்டாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன். எலும்புப் பாடம்தான் நன்றாக நின்றது. அது கையில் கிடந்ததே.

பரீட்சையில் எந்த எலும்பைக் கொடுத்தாலும் முதல் கேள்வி, இடமா வலமா என்பது. தொடை எலும்பு என்றால் அதன் உருண்டைத் தலை உள்பக்கம் பார்க்க வேண்டும், முரட்டுக் கோடு பின்பக்கம் வரவேண்டும். அப்படிப் பிடித்தால் எந்தக் கால் என்று தெரிந்துவிடும். பிள்ளைகள் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திணறும்போது எனக்கு விடை தொண்டை வரை வரும். ஒரு நாளும் சொன்னதில்லை.

என் கணவர் கொத்தனார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவருடைய தம்பிதான் முதலில் இங்கே வந்தார், சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்க. பின்னால் நாங்கள் வந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் வேலை முடிந்து வந்ததும் குளிக்காமல் அடுப்படிக்குப் போகக்கூடாது, அது ஒன்றுதான் அவர் போட்ட சட்டம். "இன்னைக்கு யாரைக் குளிப்பாட்டிட்டு வாறே?" என்று கேட்பார். "அந்தப் பொம்பளையையா, ஆம்பளையையா?" என்பார். ஆம்பளை என்றால், "அப்போ ரெண்டு செம்பு தண்ணி கூட ஊத்திக்கோ" என்பார். அவரும் சிரிப்பார், நானும் சிரிப்பேன்.

ஒரு திங்கட்கிழமை மதியம் வேலை நடக்கிற இடத்தில் நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தவர் எழும்பவில்லை. செவ்வாய்க்கிழமை பொதுமயானத்தில் விறகு அடுக்கி எரித்தார்கள். கொள்ளி வைத்தது கொழுந்தன். பெண்கள் அங்கே போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் காடாத்து. எரித்த இடத்தில் தண்ணீரும் பாலும் தெளித்துச் சூட்டை ஆற்றி, காலில் தொடங்கித் தலைவரை எலும்பு பொறுக்கி, புதுக் கலயத்தில் போட்டு வாயைத் துணியால் கட்டிக் கொண்டுவருவது. கொழுந்தன் காலையில் தனியாகப் போய்க் கொண்டுவந்தார். வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்று வெளியே முருங்கைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதான் கடைக்கு லீவு, அன்று கன்னியாகுமரிக்குப் போய்க் கரைப்போம் என்றார்.

வியாழக்கிழமை கலயத்தில் எறும்பு ஏறியிருந்தது. அவிழ்த்து இறக்கினேன். தூக்கும்போதே கனம் போதவில்லை. பெட்டி பெட்டியாக எலும்பு தூக்கிப் பழகிய கை. அவர் அகன்ற உடம்புக்காரர். எரிந்தால் குறையும் என்று எனக்கும் தெரியும், ஆனாலும் மனது கேட்கவில்லை. துணியை அவிழ்த்தேன். எறும்பைத் தட்டத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாரத்திலிருந்து விழுந்து அவருக்கு இடது தொடை முறிந்து, உள்ளே ஸ்டீல் பிளேட்டு வைத்துத் தைத்திருந்தார்கள். அந்தப் பிளேட்டு கலயத்தில் இல்லை. அது போகட்டும். அடியில் ஒரு துண்டு கிடந்தது. முழங்காலுக்கு மேலே வருகிற தொடை எலும்பின் நுனி. ஒரு பக்கம் வழுவழுப்பு. மறுபக்கம் அலை வாங்கிய மணல்போல மேடும் பள்ளமும். உடைந்த எலும்பு அப்படி இருக்காது, ஓரம் கூராக இருக்கும். வளர்கிற பிள்ளைகளுக்கு எலும்பின் நுனி தனித் துண்டாக இருக்கும், நடுவே குருத்தெலும்பு இருக்கும், அந்த இடத்தில்தான் எலும்பு நீளும், வளர்த்தி நின்றதும் எல்லாம் ஒட்டி ஒன்றாகிவிடும் என்று டீச்சர் வருஷந்தோறும் சொல்வார். என் கணவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

நான் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முருங்கை மூட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் கொழுந்தன் வந்தார்.

"தம்பி, இது உங்க அண்ணன் இல்ல."

"என்ன மைனி சொல்லுதிய?"

"காலுல வச்ச பிளேட்டைக் காணும்."

"அதை மயானத்துக்காரனே பொறுக்கி ஆக்கிரிக் கடையில எடைக்குப் போட்டிருப்பான். இரும்பைக் கண்டா எவன் விடுவான்?"

"எலும்பும் சின்ன வயசுப் பிள்ளை எலும்பு."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு எலும்பைத் தொடச்சு வச்சதுக்கு டாக்டராயிட்டியளாக்கும்! சாம்பல்ல பேரா எழுதியிருக்கு? பால் தெளிச்சு, கும்பிட்டு, எல்லாம் முறையாச் செஞ்சாச்சு. பேசாம கட்டி வைங்க."

"பக்கத்துல வேற யாரையும் எரிச்சிருந்தாங்களா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு குரல் தாழ்ந்துவிட்டது. "ரெண்டு குழி இருந்து மைனி. காலம்பற அங்க ஒரு ஆளு கிடையாது. மலையாளத்துக்காரன் அஞ்சாம் நாள்தான் எடுக்க வருவான், நாமதான மறுநாளே ஓடுதோம். தண்ணிப் பைப்புக்குப் பக்கத்துல உள்ளதுதான் அண்ணன்னு நெனச்சேன். சரியாப் பார்க்க முடியல. கண்ணை மூடிக்கிட்டுத்தான் பொறுக்கினேன்."

அதன் பிறகு அவரை எப்படித் திட்ட? மயானத்துக்குப் போய்ச் சொல்வோம் என்றேன். ஊர் சிரிக்கும், போலீஸ் கேஸ் ஆகும், கடையிலும் தெரிந்துவிடும் என்று எழுந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் நான் வாசலுக்கும் முருங்கைக்கும் நடந்தேன். போய் யாரிடம் கேட்பது, என்ன பாஷையில் தொடங்குவது, என்னை உள்ளே விடுவார்களா. வெட்கம் ஒரு நோய்தான். மறுநாள் அஞ்சாம் நாள். அவர்கள் வந்து தங்கள் குழி வெறுமையாகக் கிடப்பதைக் கண்டால், பக்கத்துக் குழியில் இருக்கிற என் கணவரைக் கொண்டுபோய் எங்கோ கரைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் பிள்ளையைக் கடலில் போடுவேன். யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

சனிக்கிழமை விடிந்ததும் கலயத்தை பிக் ஷாப்பர் பையில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண், "பேக் தாழெ வச்சூடே சேச்சீ?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்தப் பை நான் பெறாத ஒரு பிள்ளை. அதைப் பஸ் தரையில் வைக்க முடியுமா?

மயானத்துக் காவல்காரர் வயதானவர். என்னைக் கண்டதும், "ஸ்த்ரீகள் இங்ஙோட்டு வராறில்லல்லோ" என்றார். பையைத் திறந்து கலயத்தைக் காட்டினேன். அழுகையும் தமிழும் மலையாளமுமாகச் சேர்ந்து வந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ, பைப்பின்றெ அடுத்துள்ளது ஒரு பய்யனல்லே! பதினேழு வயசு. பைக்கு மறிஞ்சு மரிச்சதா. அச்சன் இப்போ வரும், ஒம்பது மணிக்கு."

பக்கத்துக் குழிக்குக் கூட்டிப்போனார். சாம்பலை ஒரு கம்பால் விலக்கினேன். பிளேட்டு கறுத்துக் கிடந்தது, திருகாணிகளோடு. எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்தேன். எரித்து நாலு நாள் ஆகியிருந்தது, ஆனாலும் கை பொசுங்கியது போலிருந்தது. அழ நேரம் இல்லை. என் வீட்டுக்காரர் எலும்புகளைக் காலிலிருந்து பொறுக்கி என் துணியில் முடிந்தேன். அவரை நான் தொட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது.

"வேகம், வேகம்! அது அங்ஙு தட்டியிட்டுப் போ" என்று காவல்காரர் கலயத்தைக் காட்டி அவசரப்படுத்தினார்.

தட்டிவிட்டுப் போக எனக்குக் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியது எல்லாம் தலையும் காலுமாகக் கலந்து கிடந்தது. பைப்புக்குப் பக்கத்துக் குழியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்கினேன். மண்டையோட்டுச் சில்லுகள் தலைமாட்டில். முதுகெலும்பு நடுவில். இடுப்பெலும்பு. தொடைத் தலை இரண்டும் உள்பக்கம் பார்க்க, இடது இடத்திலும் வலது வலத்திலும். தெரியாத சின்னத் துண்டுகளைக் கை இருக்கிற இடத்தில் வைத்தேன். அந்த நுனித் துண்டு மட்டும் என் கையில் மீதி இருந்தது. அதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

வெள்ளை வேட்டி, கையில் புதுக் கலயம், மூக்குக் கண்ணாடி. பையனின் அப்பா. காவல்காரர் முந்திக்கொண்டார். "விருத்தியாக்கான் வந்நதா சாரே" என்றார். சுத்தம் பண்ண வந்தவள்தானே நான், அது பாதி உண்மை. அப்படியே எழுந்து போயிருக்கலாம். என் ஆயுசில் அப்படித்தான் எழுந்து எழுந்து போயிருக்கிறேன்.

"இல்ல சாரே," என்றேன். "எங்க ஆளு இடம் தெரியாம உங்க மோனை எடுத்துட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பேரையும் ஒரே நாள் எரிச்சது. மூணு நாளா எங்க வீட்டுல இருந்தான். ஒண்ணும் குறைச்சல் வராம வச்சிருந்தேன். இப்போ திருப்பி வச்சிருக்கேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் குழியைப் பார்த்தார். காலிலிருந்து தலைவரை படுத்திருப்பதுபோல இருந்தது. வேட்டி சாம்பலில் படக் குந்தி உட்கார்ந்தார். "எங்ஙனெ மனசிலாயி?" எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

நான் கையை விரித்து அந்தத் துண்டைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். பெரியவர்களுக்கு இது ஒட்டியிருக்கும், உங்கள் பிள்ளைக்கு ஒட்டவில்லை, அதனால் என் வீட்டுக்காரர் இல்லை என்று கண்டேன் என்று.

அவர் துண்டை வாங்கி மேடு பள்ளத்தை விரலால் தடவினார்.

"அப்போ அவன் இனியும் வளருமாயிருந்நோ?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்ததே அந்தக் கொஞ்சம்தான்.

"வளரும் சாரே."

"எத்ர?"

இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தேன். பிறகு அவர் அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டார். கொஞ்சம் யோசித்து மறுபடி எடுத்துக் கலயத்தில் வைத்தார்.

"அவன்றெ அம்மையோடு இது பறயண்டா," என்றார். எனக்குப் புரியட்டும் என்று தமிழைக் கலந்தார். "இப்பவே அவன் அச்சனைவிட உயரம்னு சொல்லிக்கிட்டு நடக்கிறா."

சரி, சொல்லமாட்டேன் என்றேன். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை, வீடு எங்கே என்றுகூடத் தெரியாது. நானாக இருந்தால் தெரிந்துகொள்ளத்தான் ஆசைப்படுவேன், எத்தனை வலித்தாலும். அவர் காலிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். எனக்கு அங்கே வேலை முடிந்திருந்தது. சாம்பலில் சின்னதெல்லாம் அவர் விரலுக்கு அகப்படவில்லை. நான் மறுபடியும் உட்கார்ந்து, சாம்பலை விலக்கி விலக்கிக் கொடுத்தேன்.