போயா தெரியாத கணினி

எங்கள் கணினிக்குப் போயா தெரியாது. நான் வேலை செய்த கம்பனி, கொழும்பு ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றம் வைத்திருந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு, லொறிச் சாரதிகளுக்கு ‘இன்று வரவும்’ என்று எஸ்எம்எஸ் அனுப்பும் வேலையை லினக்ஸ் சேர்வரில் நேரம் குறித்து வைத்திருந்தோம். நிமிடம், மணி, நாள், மாதம், கிழமை என்று ஒரே வரி. ஞாயிறு வேண்டாம் என்றால் அந்த வரியிலேயே சொல்லிவிடலாம். போயாவை எப்படிச் சொல்வது? அது பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை, மாதத்துக்கு மாதம் வேறு தேதியில் வரும், அன்று முற்றம் பூட்டு.

அதற்கு வழி கண்டவர், சேர்வரைத் தனியாளாகப் பார்த்துக்கொண்ட அக்கா. மலையகத்தில் ஹற்றன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், தெமட்டகொடையில் வாடகைக்கு இருந்தார். வருடத் தொடக்கத்தில் கலண்டரைப் பார்த்துப் போயாத் தேதிகளை ஒரு சிறு கோப்பில் தட்டி வைப்பார். எஸ்எம்எஸ் போகுமுன் கணினி அந்தக் கோப்பைப் பார்க்கும். அன்றைய தேதி அதில் இருந்தால் சும்மா இருந்துவிடும்.

புதிதாக வந்த முகாமையாளர் என்னைப் போல வசதியான வெள்ளவத்தைக்காரர். சேர்வரைத் துப்புரவாக்குகிறேன் என்று, யாரையும் கேட்காமல் அந்தக் கோப்பை அழித்துவிட்டார். அடுத்த போயா அன்றும் எஸ்எம்எஸ் போனது, சாரதிகள் அத்தனை பேரும் பூட்டிய கேற்றின் முன் வெயிலில் நின்றார்கள். விகாரைக்குப் போக வெள்ளை உடுத்தியவர்களும் உடை மாற்றிக்கொண்டு ஓடி வந்திருந்தார்கள்.

மறுநாள் பழி அக்காவின் தலையில் விழுந்தது. கடவுச்சொல்லையும் பறித்துவிட்டார்கள். யார் எந்தக் கட்டளை கொடுத்தார் என்பது சேர்வரில் பதிவாகும், சில நாளில் தானாக அழிந்தும் விடும். அழியுமுன் முகாமையாளரின் பெயரை அதில் என் கண்ணால் பார்த்து, அக்காவிடமும் சொல்லியிருந்தேன். விசாரணைக்குப் போகுமுன் அவர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: “நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க தம்பி, போதும்.”

உள்ளே முகாமையாளர் கால்மேல் கால் போட்டிருந்தார். “தோட்டத்து ஆக்களிட்ட கொம்பியூட்டரைக் குடுத்தா இப்பிடித்தான்” என்றார். எனக்கு இரத்தம் கொதித்தது. இப்போது எழுதும்போதும் கொதிக்கிறது. பெரிய முதலாளி என் பக்கம் திரும்பி, பதிவைப் பார்த்தாயா என்று கேட்டார்.

“வடிவா ஞாபகமில்லை, சேர்” என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கிழமையே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். முகாமையாளரை நான் இன்றும் வாய்க்கு வந்தபடி திட்டுவதுண்டு. ஆனால் அவர் உண்மை பேசுவார் என்று அக்கா ஒருநாளும் நம்பியதில்லை. நம்பியது என்னைத்தான்.