மல்காஜ்கிரி தண்ணீரில் வெந்த பருப்பு

அண்ணனின் குவார்ட்டர்ஸில் சமையல் மேடையின் ஓரத்தில் ஐந்தாறு தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, 'அல்வால் ரெண்டாம் மாடி', 'மாரெட்பள்ளி ஸ்கூல் பின்னால' என்று மதினி எழுதி வைத்திருப்பாள். வாங்கலாமா என்று போய்ப் பார்த்த வீடுகளின் போர் தண்ணீர் அது.

ஹைதராபாத்தில் போர் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும். சில இடத்தில் சோப்பு நுரைக்காது, துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் விறைத்துக்கொண்டு கிடக்கும். அதனால் மதினி வீடு பார்க்கப் போனால் ஹாலைப் பார்க்கமாட்டாள், வாசல் எந்தத் திசை என்று கேட்கமாட்டாள். நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து ஒரு பாட்டில் பிடித்துக்கொள்வாள். திரும்பி வந்ததும் அதில் ஒரு பிடி பருப்பை வேகப்போடுவாள். வேகவில்லையென்றால் அந்த வீடு வேண்டாம். "கல்யாணத்துக்கு முன்னால என்னையும் இப்படி வேகவச்சுப் பாத்திருக்கலாம்லா" என்பான் அண்ணன். "நீங்க எங்க வேகப்போறீங்க" என்பாள் அவள்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஹோட்டல், செங்கல் சூளை, லாரி என்று எங்கெங்கோ இருந்தேன். கடைசியாக இரண்டு வருடம் சென்னையில் தண்ணீர் டேங்கரில் ஹோஸ் இழுத்தேன். கை முறிந்து வேலை போனதால் அந்தக் கோடையில் அண்ணனிடம் வந்து சேர்ந்தேன். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் அண்ணன் ரிட்டயர் ஆகப்போகிற சமயம். அதன்பின் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். திருநெல்வேலியில் எங்கள் பங்கு வீட்டை அப்பாவின் வைத்தியத்துக்கே விற்றாயிற்று. அவர்கள் முப்பது வருடம் இருந்த ஹைதராபாத்தில்தான் இனிமேலும் இருக்க வேண்டும். அண்ணன் கைக்கு வரப்போகும் பணம் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் காணும். தப்பாகப் போனால் இன்னொன்று கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்கள் வீடு பார்க்கப் புறப்படும்போது மதினி என்னையும் விடாமல் கூப்பிடுவாள். பாட்டில் பையைத் தூக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறுவேன்.

மல்காஜ்கிரி வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. விலை கைக்கு எட்டியது. மதினி குழாயைத் திறந்ததுமே, "பானி கா டென்ஷன் நக்கோ அம்மா" என்றான் புரோக்கர். தண்ணீரைப் பற்றிக் கவலையே வேண்டாமாம். அவள் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையின் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். வேப்பமரக் கிளை ஒன்று கம்பிவரை வந்திருந்தது. "இது ஒனக்குய்யா. எங்க போய்ச் சுத்துனாலும் இங்க வந்து படு" என்றாள். எனக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது. அதுவரை யாரும் ஓர் அறையைக் காட்டி இது உனக்கு என்று சொன்னதில்லை.

கீழே இறங்கி கேட்டைத் தாண்டும்போது பார்த்தேன். சுற்றுச்சுவரின் விளிம்பு ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. மழை கண்டு மாதங்களாகியும் அதன் அடியில் சேறு. சேற்றில் இரட்டைச் சக்கரத் தடம். ஹோஸைச் சுவர்மேல் போட்டு இழுத்தவனுக்கு வேறு அடையாளம் வேண்டாம். அந்த வீட்டின் போர் வற்றிப்போய்விட்டது. டேங்கர் கொண்டுவந்து கொட்டும் தண்ணீரைத்தான் மோட்டார் மேலே ஏற்றுகிறது. மதினியின் பாட்டிலில் இருந்தது எங்கோ இருந்து லாரியில் வந்த தண்ணீர். சொல்ல வாயெடுத்தேன் என்று எழுதினால் பொய். நான் அந்த ஜன்னலை நினைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன்.

அன்று பருப்பு குழைந்து வெந்தது. அண்ணன் இரண்டாவது முறையும் சோறு வாங்கிக்கொண்டான். அடுத்த வாரம் முன்பணம் கொடுத்தார்கள்.

அந்த அறையில் நான் எட்டு மாதம்தான் படுத்தேன். நாக்பூர் பக்கம் ஒரு தாபாவில் ஆள் வேண்டும் என்றார்கள், போய்விட்டேன். என் குணம் அப்படி. இரண்டாவது கோடையில் டேங்கர் நாள் தவறி வர ஆரம்பித்தது. வந்த தண்ணீர் கீழ்த்தொட்டியில் மோட்டாருக்கு எட்டாத அளவுக்குத்தான் தேங்கியது. அண்ணன் வாளியில் மொண்டு மூன்று மாடி தூக்கினான். ஒருநாள் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. படுத்தவன் எழுந்திருக்கவில்லை. நான் பதினாறாம் நாளுக்குத்தான் வந்து சேர்ந்தேன்.

இப்போது மதினி வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போகப்போகிறாள். பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்து காட்ட என்னைக் கூப்பிட்டாள். போன மாதம் ஒரு மத்தியானம், வந்தவர்கள் போனபின், அந்தச் சுவரையும் சேற்றையும் பற்றி அவளிடம் சொல்லிவிட்டேன். மடித்துக்கொண்டிருந்த போர்வையைக் கீழே வைக்காமலே கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நீ டேங்கர்ல கெடந்தவன்னுதானய்யா எல்லா வீட்டுக்கும் ஒன்னயக் கூட்டிட்டு அலைஞ்சேன். பருப்பு பொய் சொன்னாலும் நீ சொல்லிருவன்னு நெனச்சேன்."

சாயங்காலம், நாளை ஒரு குடும்பம் வருகிறது என்று புரோக்கர் போன் செய்தான். போர் வற்றின விஷயத்தை வாசலிலேயே அவர்களிடம் சொல்லிவிடு என்றாள் மதினி. சொன்னேன். செருப்பைக் கழற்றப் போனவர்கள் அப்படியே திரும்பி இறங்கினார்கள். அதற்குப் பிறகு வந்த நான்கு குடும்பங்களுக்கும் சொல்லிவிட்டேன்.