முதுகில் ஒரு வெண்கட்டிக் கோடு

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கனடாவில், சென்ட் லோரன்ட்டில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பக்கத்து மெசினில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஒருத்தி. முப்பத்தைந்து தாண்டியும் கலியாணம் ஆகவில்லை. தம்பி தங்கைகளை ஒவ்வொருவராகக் கனடாவுக்கு எடுத்ததில் தன்னை மறந்துபோனவள். எதிர் மெசினில் ஒரு அயர்லாந்துக் கிழவி. கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

தவக்காலம் தொடங்கிய கிழமை, சாப்பாட்டு நேரத்தில், கிழவி தன் தாயின் ஊர்க் கதையை எடுத்தாள். எங்களைப் போல அங்கேயும் தவக்காலத்தில் கலியாணம் இல்லையாம். அதற்கு முன்பே தரகர் அக்கம்பக்கத்தில் பெண்ணைப் பற்றி விசாரித்து, பேசி முடித்துவிடுவாராம். அப்படியும் தனியாக மிஞ்சியவர்களின் முதுகில், தவக்காலத்து முதல் ஞாயிறு கோயிலில் வைத்து, வெண்கட்டியால் கோடு இழுத்துவிடுவார்களாம்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் 'விசாரித்து' என்ற இடத்திலேயே சோற்றுப் பெட்டியை மூடிவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ரொறொன்ரோவிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் தாய் எனக்கு ஃபோன் எடுத்து பக்கத்து மெசின்காரியைப் பற்றி விசாரித்திருந்தார்.

"பிள்ளை எப்பிடி?"

"நல்ல பிள்ளை. பாவம்."

எங்கள் வாயில் பாவம் என்றால் பாதி அன்புதான். பெண் தேடுகிறவரின் காதில் அது வேறு.

"ஏன் பாவம்? ஏதும் குறையோ?"

"சீச்சீ, அப்பிடி ஒண்டும் இல்லை!" என்று நான் பதறிய பதற்றம் மிச்சத்தையும் கெடுத்தது. பேச்சு அதோடு நின்றுபோனது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது நானாக இருந்திருந்தால் எவ்வளவு நல்லது. அந்த மாப்பிள்ளையின் படத்தை எனக்குக் காட்டியபோது அவள் முகத்தில் வந்த வெட்கத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கிழவி கதையை முடித்ததும் பக்கத்து மெசின்காரி துணியில் கோடு போடும் வெண்கட்டியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"அக்கா, எனக்கும் ஒண்டு இழுத்துவிடுங்கோ."

மறுபடியும் சிரிப்பு. எனக்குக் கை எழவில்லை. சிரிப்பு அடங்கியபின், திரும்பாமலே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"ரொறொன்ரோ ஆக்களுக்கு ஆரோ என்னவோ சொல்லிப்போட்டினம், அக்கா. உங்களிட்டைக் கேட்டிருந்தால் நல்லதாச் சொல்லியிருப்பியள், என்ன?"

"ஓம்," என்றேன், அவளுடைய முதுகைப் பார்த்து.