தாய்மாமன் சீர் பாட்டு

இன்னிக்கு சாலவாக்கம் பஸ்ல பக்கத்து சீட்டு அக்கா போன்ல என் பாட்டு ஓடிக்கினு இருந்துச்சு.

தாய்மாமன் சீர்த்தட்டோட வரும்போது பாடுற பாட்டு. எழுதி மெட்டுப் போட்டது நான். எங்க குடும்பக் கச்சேரியில நைனா தபலா, நான் கீபோர்டு, அண்ணன் பாடுவாரு. எனக்குக் கல்யாணம் ஆனதும் என்னை மேடையிலேர்ந்து எறக்கிட்டு, பாட்டை மட்டும் வெச்சிக்கினாங்க. இப்ப யூடியூப்ல எழுதினவரு பேரும் அண்ணன் பேருதான்.

"எம்பொண்ணு மஞ்ச நீராட்டுக்கு அவரே வந்து பாடினாரும்மா. இந்தப் பாட்டுல எங்க அண்ணன் தட்டோட நுழைஞ்சாரு பாரு, அழுதுட்டேன்"னாங்க அந்த அக்கா.

எம்பொண்ணு மஞ்ச நீராட்டுல நானும் அழுதேன். தாய்மாமன் வரல. அன்னிக்கு அவருக்கு வேற ஊர்ல கச்சேரி. இதே பாட்டைத்தான் பாடியிருப்பாரு.

"உனக்குப் பொண்ணு கீதா?"

"கீதுக்கா."

"அப்ப கல்யாணத்துக்கு அவரையே கூப்புடும்மா. தங்கமான மனுஷன். நம்பர் தரட்டா?"

வாங்கிக்கினேன். அண்ணன் மாத்தின நம்பர் என்கிட்ட இல்ல.

நீங்களே சொல்லுங்க, அண்ணான்னு கூப்புடறதா, கச்சேரிக்குன்னு கூப்புடறதா?

கச்சேரின்னா கண்டிப்பா வந்துடுவாரு.