தம்மாமுக்குப் புறப்பட்ட மருதாணிப் படங்கள்

ஓரிடத்தில் அழித்த படம் எல்லா இடத்திலும் அழிந்துவிடுமா? போன வருஷம், 2008இல், பக்கத்து வீட்டு நஸீரா மூச்சிரைக்க ஓடி வந்து கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவள் நான். "தெரியலயே" என்றேன்.

நஸீரா இருந்தது ராமநாதபுரம் பக்கம் புதுமடத்தில். கணவன் மஹ்மூது சவூதியில், தம்மாமில். இங்கே வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், அங்கே அவன் அறையில் ஒன்று. இரண்டிலும் ஒரே படங்கள் இருக்க வேண்டும் என்பது மஹ்மூதின் ஆசை. அவ்வளவு படத்தையும் நெட்டில் அனுப்ப முடியாது. அதனால் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஹார்டு டிஸ்க், வருகிறவர் போகிறவர் பெட்டியில், ஊறுகாய்க்கும் மாசிக்கருவாட்டுக்கும் நடுவே கடல் தாண்டிப் போய் வந்தது. அதைச் செருகி சிங்க் பண்ணினால் போதும். ஒரு பக்கம் இல்லாத படம் மறுபக்கத்திலிருந்து வந்துவிடும்.

தம்மாம் அறையில் எட்டு ஆண்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டதும் எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். "ஒம் மக நடக்குறதப் பாத்து எட்டுப் பேரும் கை தட்டுனோம்டி" என்று மஹ்மூது போனில் சொன்னபோது நஸீராவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் என்னிடம் ஓடி வந்த மாசம் மஹ்மூதின் தங்கை ஜுனைதாவுக்குக் கல்யாணம். மருதாணி போடும் அன்று பெண்கள் மட்டும்தான், கதவைச் சாத்திவிடுவார்கள். போட்டோக்காரரை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் கேமரா நஸீரா கைக்கு வந்தது. முக்காடு நழுவியது தெரியாமல் பாட்டும் ஆட்டமுமாக இருந்தவர்கள் நடுநடுவே கேட்டார்கள்: "ஏட்டி, எந்த ஆம்பள கண்ணுலயும் படாதுல்ல?"

"அல்லா அறிய, படாது" என்றாள் நஸீரா.

புதன்கிழமை காலை, விடுப்பு முடிந்து அன்று சாயங்கால ரயிலில் தம்மாம் புறப்படவிருந்த ஊர்க்காரர் வாவு முகம்மதுவிடம் டிஸ்கைக் கொடுத்துவிட்டாள். மத்தியானம் நாத்தனார் ஜுனைதா வந்தாள்.

"மச்சி, படத்தையெல்லாம் எங்கன வச்சிருக்கீக?"

"பத்திரமா இருக்கு. நம்ம படம் இருக்குற எடத்துலயே, தனி ஃபோல்டரா..."

சொல்லும்போதே நஸீராவுக்கு நினைவு வந்தது. காலையில் சிங்க் பண்ணியபோது அந்த ஃபோல்டரும் டிஸ்கில் ஏறியிருக்குமே!

ஜுனைதாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அவள் போனதும் ஃபோல்டரை அவசரமாக அழித்தாள். அழித்த பிறகுதான் என்னிடம் ஓடி வந்தாள். கேமரா கார்டையும் முந்தின நாளே காலி செய்திருந்தாள். ஆக, ஜுனைதாவின் மருதாணிப் படங்கள் உலகத்திலேயே ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தன: எட்டு ஆண்களை நோக்கிப் போகும் டிஸ்கில்.

மஹ்மூதுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை மட்டும் அவனுக்கு வேலை இருந்தது. டிஸ்க் போய்ச் சேரும்போது அறையில் மற்றவர்கள்தான் இருப்பார்கள். வாவு முகம்மது வீட்டுக்கு ஓடினாள். அவர் தன் செல்லை வீட்டிலேயே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். அது அவர் மனைவி உம்மு ஹபீபாவின் மடியில் இருந்தது.

"லாத்தா, நீங்க ஆடுனதும் அதுல இருக்கு" என்றாள் நஸீரா, அழுகையோடு. எங்கள் ஊரில் அக்காவை லாத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும்தான் கூப்பிடுவோம்.

"எந்த ஆட்டம்?"

"கொடத்தத் தலையில வச்சுக்கிட்டு..."

"யா அல்லா! அந்த ரூமுல எம் மருமகன்ல இருக்கான்! எடுடி புர்காவ."

ஆட்டோவில் ராமநாதபுரம் ஸ்டேஷனுக்குப் பறந்தார்கள். வெள்ளிக்கிழமை, எட்டுப் பேர், கைதட்டல். வழி நெடுக இதுவே நஸீராவின் கண்ணுக்குள் ஓடியது.

வாவு முகம்மது கயிற்றால் கட்டிய பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, அந்த டிஸ்கத் தந்துருங்க."

"வெளையாடுறியா? எடை பாத்து, ரெண்டு மணி நேரம் இறுக்கிக் கட்டுன பெட்டி. பிரிக்க மாட்டேன், போ."

ரயில் வரப்போவதாக அறிவித்தார்கள்.

"காக்கா, அதுல பொம்பளைக படம் இருக்கு. ஒங்க வீட்டு லாத்தாவும் அதுல இருக்காக."

அவர் மனைவியைப் பார்த்தார். ஹபீபா தண்டவாளத்தைப் பார்த்தாள். வாவு முகம்மது எழுந்தார். டீயைக் கீழே வைத்துவிட்டு முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். பிளாட்பாரம் முழுக்க அல்வாவும் ஊறுகாய்ப் பாட்டிலும். ஒரு கைலிக்குள்ளிருந்து டிஸ்க் கிடைத்தது. ரயில் வந்து நின்றபோது எல்லாவற்றையும் அள்ளித் திணித்து, மூட முடியாத பெட்டியை அந்தக் கைலியாலேயே கட்டி ஏறினார். ஜன்னல் வழியே, "ஊறுகா ஒழுகுனா ஒம் புருஷன்கிட்டதான் கேப்பேன்!" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்து டிஸ்கைச் செருகினாள். சிங்க் பண்ணினால் டிஸ்கிலும் அழிந்துவிடும் என்று நம்பினாள். அழுத்தினாள். அழித்த ஃபோல்டர் கண் முன்னாலேயே மறுபடி முளைத்தது. நூற்று நாற்பத்து மூன்று படமும் வரிசையாக வந்து நின்றன. நஸீரா அலறியேவிட்டாள். அந்த சிங்க்குக்கு அழித்தது தெரியாது, இல்லாதது மட்டும்தான் தெரியும் என்று அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது.

ஜுனைதாவைக் கூப்பிட்டு ஒன்றுவிடாமல் சொன்னாள். ஜுனைதா மவுஸை வாங்கி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"சிடியில போட்டு எங் கையில குடுங்க மச்சி. வேற எங்கனயும் இருக்கக் கூடாது."

அப்படியே செய்தார்கள். சிடி சரியாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகு, டிஸ்கில் ஒரு தடவை, கம்ப்யூட்டரில் ஒரு தடவை, ஜுனைதா பார்க்கப் பார்க்க நஸீரா அழித்தாள். பிறகு மூன்று தடவை சிங்க் பண்ணிப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. ஆனாலும் நாலாவது தடவை அழுத்தக் கை போனது.

கடல் தாண்டி டிஸ்க் அனுப்பும் வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். பெட்டி கட்டுவதற்கு முன்னால் சொல்லுங்கள். பெயர்களை நான் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். நீங்களும் மாற்றியே சொல்லுங்கள்.